கன்னியப்பனும் ஐந்து ஏன்களும்

சேரப்பணஞ்சேரி கன்னியப்பனின் கழுத்தில் எப்போதும் ஒரு மல்டிமீட்டர் தொங்கும். அதன் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போலத் தோளின் இரு பக்கமும் கிடக்கும். டீ குடிக்கப் போனாலும் கழற்ற மாட்டான். அந்தக் கருவியை வைத்து மின்சாரத்தைப் பற்றிப் பல விஷயங்களை அளக்கலாம். கன்னியப்பன் அளந்தது ஒன்றைத்தான். இரண்டு முனைகளையும் இரண்டு இடங்களில் வைப்பான். 'பீப்' என்று கத்தினால் ஒரு முடிவு, கத்தாவிட்டால் இன்னொரு முடிவு. திரையில் வரும் எண்ணை அவன் படித்து யாரும் பார்த்ததில்லை.

கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகப் போக மறந்துவிடக்கூடும். குடிப்பழக்கம் கிடையாது. வாடிக்கையாளர் யாரிடமும் எரிந்து விழுந்ததில்லை. வேலைக்கு மட்டம் போட்டதில்லை. இத்தனை நல்ல குணங்களை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு சேதம் செய்ய முடியும் என்பதற்கு, படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் கோதண்டம் நடத்திய பேட்டரி வண்டிக் கடையே சாட்சி.

ஒன்றை அறிந்துகொள்ளக் காட்சி, அனுமானம், அறிந்தவர் வாக்கு என்று மூன்று வழிகளைப் பழைய நூல்கள் சொல்கின்றன. கன்னியப்பன் அவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தான்: மாற்றிப் பார்ப்பது. பழுதான வண்டியிலிருந்து ஏதாவது ஒன்றைக் கழற்று, அந்த இடத்தில் புதிதாக ஒன்றைப் போடு. ஓடினால் கழற்றியது கெட்டது. ஓடாவிட்டால் இன்னொன்றைக் கழற்று. இந்த வழியில் அறிவு எதுவும் பிறப்பதில்லை. கடையின் பின்பக்கம் ஒரு குவியல் மட்டும் பிறக்கிறது.

இதை அவன் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைபேசி செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்திருந்தான். சோதனையில் தேறாத போர்டுகள் அவனுடைய மேசைக்கு வரும். இரண்டாவது முறை சோதிக்க வேண்டும். அப்போதும் தேறாவிட்டால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஏன் தேறவில்லை என்று யோசித்தால் லைன் நிற்கும். லைன் நின்றால் சூப்பர்வைசர் வருவார். கன்னியப்பனின் லைன் ஒருநாளும் நின்றதில்லை. அதற்காக ஒரு மாதம் அவனுடைய புகைப்படத்தைக் கேன்டீன் வாசலில் மாட்டினார்கள். அப்புறம் ஒருநாள் ஒப்பந்தம் முடிந்தது என்று அவனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொருவனை வைத்தார்கள். தான் மேசையில் செய்துகொண்டிருந்ததையே தனக்கும் செய்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. புகைப்படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

அது 2009. படப்பையில் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த கோதண்டம் அப்போதுதான் பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டர் வண்டிகளை விற்க ஆரம்பித்திருந்தார். லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், பெட்ரோல் வேண்டாம் என்று கடை வாசலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இத்தனை வேண்டாம்களோடு வரும் பொருளில் வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. மண்ணூரிலிருந்தும் மணிமங்கலத்திலிருந்தும் வந்து வாங்கினார்கள். கன்னியப்பன் மெக்கானிக்காகச் சேர்ந்தான். சென்னையில் கம்பெனிக்காரர்கள் நடத்திய சிறிய பயிற்சிக்குப் போய்வந்து, மல்டிமீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

முதல் வருடம் அவன் மோட்டார்களைக் கொன்றான். பேட்டரி வண்டியில் மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். அதிலிருந்து மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று தடித்த ஒயர்கள் சக்கரத்தின் அச்சுக்குள் இருக்கும் துளை வழியாக வெளியே வரும். உள்ளே மூன்றும் செப்புச் சுருள்களால் இணைந்தவை. ஆகவே நல்ல மோட்டாரில் எந்த இரண்டு ஒயர்களைத் தொட்டாலும் மீட்டர் கத்தும். கத்தாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். கன்னியப்பன் வீட்டு ஒயரிங் படித்தவன். அங்கே இரண்டு ஒயர்கள் சேர்ந்து கத்தினால் ஷார்ட். அதையே இங்கும் கொண்டுவந்தான். பஞ்சர் தவிர எந்தக் குறைக்காக வண்டி வந்தாலும் மூன்று ஒயர்களையும் தொட்டான், மீட்டர் கத்தியது, மோட்டார் ஷார்ட் என்று அறிவித்தான். வாரன்டியில் கழற்றிய மோட்டார்களெல்லாம் கம்பெனிக்குப் போயின. ஒருநாள் கம்பெனி இன்ஜினியர் போனில் கூப்பிட்டார். கோதண்டம் அதைக் கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"நீங்க அனுப்பிச்ச மோட்டார் எல்லாமே நல்லாருக்குங்க. மொதல்ல உங்க மெக்கானிக்க செக் பண்ணுங்க."

இன்னொருவனாக இருந்தால் தான் எங்கே தவறினோம் என்று பார்த்திருப்பான். கன்னியப்பன் அந்த அவமானத்திலிருந்து ஒரு கோட்பாட்டைக் கண்டெடுத்தான். மோட்டார் கெடாது. அன்றிலிருந்து மோட்டார்ப் பக்கமே அவன் திரும்பவில்லை. மீதி இருந்தது கன்ட்ரோலர். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் அலுமினியப் பெட்டி அது. அதைக் கன்னியப்பன் போர்டு என்றான், அவனைப் பார்த்து ஊரே போர்டு என்றது. வண்டி இழுக்கவில்லையா, போர்டு. உதறுகிறதா, போர்டு. தள்ளினால் சக்கரம் கனமாக இருக்கிறதா, அதுவும் போர்டு. பல சமயம் அது சரியாகவும் இருந்துவிட்டது என்பதுதான் கேடு. தவறான வழியில் போகிறவனுக்கு அடிக்கடி ஊர் வந்து சேர்ந்தால் அவன் திருந்தவே மாட்டான்.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு இருந்தது. எதையாவது கழற்றி மாட்டிய பிறகு தரையில் ஒரு வாஷரோ திருகோ மிச்சம் கிடந்தால் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பான். கம்பெனிக்காரன் தேவைக்கு அதிகமாக வைத்துவிட்டான் என்பது அவன் விளக்கம். டப்பா நிறைய நிறையத் தன் திறமை கூடுவதாக நினைத்தான். "நம்ம கையில வந்தா வண்டி லேசாயிடும்ணா" என்று கோதண்டத்திடம் பெருமையாகச் சொல்வான்.

அவன் மனைவி கங்கா ஒரகடத்தில் காருக்கு சீட் தைக்கும் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளி. புருஷனின் திறமை பற்றி அவளுக்குத் தனிக் கருத்து இருந்தது. பக்கத்து வீட்டு மாடத்தியிடம் அவன் காதில் விழும்படியே சொல்வாள்.

"மிக்சி ஓடலக்கா. இன்னா பண்ணான் தெரியுமா? மோட்டார மாத்துனான், ஜார மாத்துனான், சுச்சு மாத்துனான். கடைசில பாத்தா ப்ளக்குல ஒயரு வுட்டுகினு கீது. இப்போ வூட்ல ரெண்டு மிக்சிக்கு சாமான் கீது, சட்னி மட்டும் இல்ல."

"ஏட்டி, வெளிய வச்சு பேசாத" என்பாள் தென்காசிக்காரியான மாடத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அவ்வோ காதுல விழப்போவுது."

"வுழட்டும். காதையாச்சும் மாத்தாம வெச்சிருக்கான் இல்ல."

2012ல் இந்த வண்டிகளுக்கு அரசு தந்துவந்த மானியம் நின்றது. அந்த வருடம் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. சார்ஜ் போட வழியில்லாத வண்டியை யார் வாங்குவார்கள்? அந்தச் சாலையில் இருந்த மற்ற பேட்டரி வண்டிக் கடைகள் ஒவ்வொன்றாக செல்போன் கடையாகவும் பிரியாணிக் கடையாகவும் மாறின. கோதண்டத்தின் கடையில் பார்வைக்கு ஒரே ஒரு வண்டி நின்றது. தூசி துடைப்பதுதான் கன்னியப்பனின் வேலையாக இருந்தது.

அப்போதுதான் ஒரகடத்தில் கியர் உதிரிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய வளாகம். ஸ்டோரிலிருந்து லைனுக்கும் லைனிலிருந்து கேட்டுக்கும் ஆட்கள் நடந்தே நேரம் போகிறது, புகை வராத வண்டியாக இருபது வேண்டும் என்றார்கள். முதலில் இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்ப்போம், சரியாக இருந்தால் இருபதும் உங்களிடம்தான் என்று மெயின்டனன்ஸ் மேலாளர் பெருமாள்சாமி சொன்னார். கோதண்டம் கன்னியப்பனிடம் விஷயத்தை மறைக்கவில்லை.

"இது வந்தா கடை நிக்கும். வரலைன்னா ஷட்டர இழுத்துட்டு நான் மறுபடி கேபிளுக்குப் போயிடுவேன். நீ எங்க போவன்னு நீயே பாத்துக்கோ."

கன்னியப்பனுக்குப் போக இடம் இல்லை. முப்பதைத் தாண்டியவனை இங்கே எந்த ஒப்பந்தக்காரரும் சேர்ப்பதில்லை. தங்களைவிடப் பத்து வயது இளைய பையன்களோடு கேட் வாசலில் நின்று திரும்பியவர்களை அவன் பார்த்திருக்கிறான். கங்காவின் சம்பளத்தில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைக்கவே அவனால் முடியவில்லை. கங்கா அதைச் சொல்லிக் காட்டுவாள் என்று பயந்தான். சொல்லிக் காட்டாமல் இருந்துவிடுவாளோ என்று அதைவிடப் பயந்தான்.

இரண்டு வண்டிகளும் தொழிற்சாலைக்குப் போயின. வளாகத்தில் இரும்புச் சுருள் தூள் கிடக்கும், சாதாரண டயர் தாங்காது என்று சொன்னதால் இரண்டின் பின் சக்கரத்தையும் கழற்றிக் கனமான டயர் மாட்டிக் கொடுத்தான் கன்னியப்பன். கொஞ்ச நாள் ஓடின. பிறகு முதல் வண்டி ஸ்டோர் வாசலில் நின்றுபோனது. கன்னியப்பன் போனான், பார்த்தான், போர்டு என்றான். கடையில் இருந்த உபரிப் போர்டு ஒன்றை மாட்டினான். சென்டர் ஸ்டாண்டு போட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால் சக்கரம் அழகாகச் சுற்றியது. அவன் கேட்டைத் தாண்டுவதற்குள், ஆள் ஏறி ஓட்டியதும், மறுபடி நின்றது. இரண்டாவது உபரிப் போர்டையும் மாட்டினான். ஸ்டாண்டில் சுற்றியது, சாலையில் செத்தது.

ஆள் ஏறினால் மட்டும் சாகிறது என்றால், ஆள் ஏறும்போது மட்டும் ஏதோ ஒன்று நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தோன்றும். கன்னியப்பனுக்குத் தோன்றியது, இந்த லாட்டில் வந்த போர்டுகளே சரியில்லை என்பது.

"இன்னொன்னு குடுண்ணா" என்றான் கோதண்டத்திடம்.

"இன்னொன்னு எங்க கீது? கம்பெனிக்கு போன் போட்டா ரிங்கு கூட போவல. அவனே கடைய மூடிட்டான் போல."

"ஷோரூம் வண்டில கீதே."

"அதுல கை வெச்சேன்னு வை, கையே இருக்காது. வெளிய நிக்கிறதுக்கு அது ஒன்னுதான் கீது. அதுவும் செத்தா நான் இன்னாத்த விக்கிறது? உன்னையா?"

அன்று மதியம் பெருமாள்சாமி இருவரையும் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டார். கோவில்பட்டிக்காரர், இந்தப் பகுதியின் பல தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர், நிதானமாகத்தான் பேசுவார். "தம்பி, நாளைக்குக் காலம்பற மீட்டிங்ல வந்து காரணம் சொல்லுங்க. வெறுமனே போர்டு போச்சுன்னு சொல்லாதீங்க. எங்க வழக்கப்படி அஞ்சு தடவை ஏன்னு கேப்பேன், அஞ்சுக்கும் பதில் வேணும். இல்லைன்னா ரெண்டு வண்டியையும் எடுத்துட்டுப் போயிருங்க."

நன்றாக ஓடுகிற இரண்டாவது வண்டியின் போர்டைக் கழற்றி முதல் வண்டியில் போட்டுப் பார்க்கட்டுமா என்று கன்னியப்பன் கேட்டான். பெருமாள்சாமி ஒரு பார்வை பார்த்தார். ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிற்சாலையின் விதி.

இப்படியாக, வாழ்க்கையில் முதல் முறையாக, மாற்றுவதற்குக் கையில் எதுவும் இல்லாமல் ஒரு பழுதான வண்டியின் முன்னால் கன்னியப்பன் நின்றான். ஸ்டோரை ஒட்டிய தகரக் கொட்டகை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவனோடு வந்த கோதண்டம் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு எதிரே சும்மா இருக்க முடியாமல் அவன் வண்டியைத் தள்ளிப் பார்த்தான். கனமாக இருந்தது. சக்கரம் திணறித் திணறி உருண்டது. போர்டிலிருந்து மூன்று தடித்த ஒயர்களையும் பிடுங்கிவிட்டுத் தள்ளினான். லேசாக உருண்டது. செத்த போர்டுதான் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பது அவனுக்குப் பழக்கமான விஷயம். வழக்கமாக இந்த இடத்தில் அவன் எழுந்துவிடுவான். இன்று எழுந்து போய் எடுப்பதற்கு எதுவும் இல்லை. மறுபடி ஒயர்களைச் சொருகினான். சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"ண்ணா, ஏறி உக்காந்து காலால பின்னாடி தள்ளு."

"எதுக்கு?"

"சும்மா தள்ளேன். வேற இன்னா வேலை உனக்கு?"

கோதண்டம் கனத்த ஆள். முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்து காலால் உந்தினார். சக்கரம் திணறியது. கன்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரத்தின் நடுவில் இருக்கும் அச்சு சட்டத்தோடு இறுகி அசையாமல் நிற்க வேண்டும். சக்கரம்தான் அதைச் சுற்ற வேண்டும். இங்கே சக்கரம் திணறும்போதெல்லாம் அச்சும் அதோடு சேர்ந்து கொஞ்சம் திரும்பியது. அச்சின் வாயிலிருந்து வெளியே வரும் ஒயர்களும் திரும்பின. துடைத்துவிட்டுக் கிட்டத்தில் பார்த்தான். கயிறு திரித்ததுபோல முறுக்கிக்கொண்டிருந்தன. மஞ்சள் ஒயரின் தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. பச்சை ஒயரிலும் அதே இடத்தில் செம்பு தெரிந்தது. அச்சு திரும்பினால் இரண்டும் முத்தமிடும். நின்றால் பிரிந்துவிடும். ஸ்டாண்டில் போட்டுச் சும்மா சுற்றும்போது அச்சுக்குத் திரும்பும் அளவுக்குப் பளு இல்லை. ஆள் ஏறி முறுக்கியதும் திரும்புகிறது, இரண்டு செம்பும் ஒட்டுகின்றன, அந்த நொடியில் போர்டு சாகிறது.

அச்சு ஏன் திரும்புகிறது என்று பார்க்க நட்டைக் கழற்றினான். நட்டுக்கு அடியில் ஒரு பல் வைத்த வாஷர் இருக்க வேண்டும். அந்தப் பல் சட்டத்தில் இருக்கும் ஓட்டையில் உட்கார்ந்து அச்சைத் திரும்பவிடாமல் பிடிக்கும். வாஷரைக் காணவில்லை. இந்தச் சக்கரத்தை இதுவரை கழற்றியது ஒரே ஒருவன்.

கருவிப் பையோடு கொண்டுவந்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து தரையில் கவிழ்த்தான். இந்த வகை வாஷர்கள் அதில் நிறையக் கிடந்தன.

"இன்னாடா இது?" என்றார் கோதண்டம்.

கன்னியப்பன் ஒரு வாஷரைப் பொறுக்கி எடுத்துத் துடைத்தான். ஒயர்களுக்கு உறை போட்டான், பிரித்துக் கட்டினான், வாஷரைப் போட்டு நட்டை இறுக்கினான். பிறகு எழுந்து, "ஷோரூம் வண்டி போர்டு வேணும்ணா" என்றான்.

"காலைலேயே சொன்னேன் இல்ல?"

"இந்த வாட்டி போவாது."

"போன வாட்டியும் இதான் சொன்ன."

"போன வாட்டி எனக்குத் தெரியாது. இப்போ தெரியும்."

இந்த இரண்டு வாக்கியங்களை அவன் இதற்கு முன்னால் வரிசையாகச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. கோதண்டம் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, கடைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அந்தப் போர்டைக் கொண்டுவந்து மாட்டி, இரண்டு பேரும் ஏறி, லாரிகள் சரக்கு இறக்கும் சரிவில் மேலும் கீழும் ஓட்டினார்கள். வண்டி நிற்கவில்லை.

அன்று வீட்டில் கங்காவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்போ நாளைக்கு நீதான் கழட்டி வுட்டேன்னு சொல்லப்போறியா?"

"அஞ்சு வாட்டி ஏன்னு கேப்பாரு. அஞ்சாவது அதுல வந்துதான் நிக்கும். வேற வழியே இல்ல."

"சொன்னா ஆர்டர் குடுப்பாங்களா?"

"தெரில."

"சொல்லலைன்னா?"

"அப்பவும் தெரில."

அவள் இட்லித் தட்டை மூடிவிட்டு, "எதுவும் மாத்தாம சொல்லிட்டு வா, பாக்கலாம்" என்றாள். அதில் கிண்டல் இருந்ததா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

காலைக் கூட்டம் லைனுக்குப் பக்கத்தில் நின்றபடியே நடக்கும். எல்லாரும் தலையில் ஹெல்மெட், காலில் பாதுகாப்பு ஷூ. எதிரே ஒரு வெள்ளைப் பலகை. தரப் பிரிவுப் பொறியாளர் கவியா மார்க்கரோடு நின்றாள். கோதண்டம் கடைசி வரிசையில், இரவல் ஹெல்மெட் நெற்றியை மறைக்க, நின்றுகொண்டார்.

"வண்டி நின்னுச்சு. ஏன்?" என்று ஆரம்பித்தார் பெருமாள்சாமி.

"போர்டு போயிடிச்சி சார்."

"போர்டு ஏன் போச்சு?"

"மஞ்ச ஒயரும் பச்சை ஒயரும் ஒட்டிக்கிச்சி சார்."

"ஏன் ஒட்டுச்சு?"

"சக்கரத்து அச்சு சுத்திடிச்சி. அது சுத்தக் கூடாது. சுத்தனதுல ஒயரு முறுக்கிகினு தோலு போயிடிச்சி."

"அச்சு ஏன் சுத்துச்சு?"

"அத்த புடிச்சிகினு இருக்கற வாஷரு இல்ல சார்."

கவியா வேகமாக எழுதினாள். கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். இவ்வளவு சுத்தமான சங்கிலி அந்தப் பலகைக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

"வாஷர் ஏன் இல்ல?"

"நான் போடல சார். டயர் மாத்தச்சொல்ல கழட்டனேன். மறந்துட்டேன்னு கூட சொல்ல முடியாது. மிச்சம்னு நெனச்சி டப்பால போட்டுட்டேன்."

கடைசி வரிசையில் கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டார். கவியாவின் மார்க்கர் பலகையைத் தொடாமல் நின்றது.

"சார், மேன் மிஸ்டேக் ரூட் காஸ்ல வராது" என்றாள் பெருமாள்சாமியிடம். "ஆடிட்ல அடிச்சிடுவாங்க."

"ஆமா, அது வராது" என்றார் அவர். கன்னியப்பனைப் பார்த்து, "தம்பி, ஆள் மேல பழி போடக் கூடாது. சிஸ்டத்துல என்ன தப்புன்னு சொல்லணும்" என்றார்.

"சிஸ்டம் நல்லாத்தான் கீது சார். நான்தான் போடல."

யாரோ சிரித்தார்கள். பெருமாள்சாமி சிரிக்கவில்லை. "அதான் சொல்லுதேன், அது பதில் கிடையாது. வேற சொல்லுங்க."

இந்த விதியை முதலில் வகுத்தவர் யாராக இருந்தாலும் நல்லதைத்தான் நினைத்திருப்பார். தொழிலாளியைத் திட்டிவிட்டுப் போகாதே, அவன் தவறும்படி இருக்கும் ஏற்பாட்டைச் சரிசெய் என்பது உயர்ந்த எண்ணம். அந்த எண்ணம் இறந்து வெகுகாலமாகிறது. உடல் மட்டும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு காலைக் கூட்டங்களில் நின்றுகொண்டிருக்கிறது. அதன் முன்னால் ஒருவன், காரணத்தைப் பற்றி ஒருநாளும் கவலைப்படாதவன், முதல் முறையாக ஒரு காரணத்தைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து வைத்தான். அதை எழுதப் பலகையில் கட்டம் இல்லை.

கவியா கெட்டிக்காரி. "சார், ரெண்டு ஒயர் ஒட்டுனா போர்டு தன்னைத்தானே கட் பண்ணிக்கணும் இல்லையா? பண்ணல. அப்போ போர்டு வீக். சப்ளையர் குவாலிட்டி பிராப்ளம்னு போட்டா சிஸ்டத்துல வந்துடும். சப்ளையர் சேஞ்ச்னு ஆக்ஷன் போட்டுக்கலாம்."

"அது சரியா வருது" என்றார் பெருமாள்சாமி. "என்ன தம்பி, போர்டு வீக்குதானே?"

கன்னியப்பன் வாயைத் திறந்தான். கடைசி வரிசையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. அந்த இருமலில் கடை இருந்தது, ஷட்டர் இருந்தது, இருபது வண்டியும் இருந்தது.

"ஆமா சார்" என்றான்.

அவன் உண்மை சொன்ன நேரம் பலகையில் ஒரு வரி எழுதும் நேரம்கூட இல்லை. பெருமாள்சாமி, இருபது வண்டியும் வேறு சப்ளையர் போர்டோடு வர முடியுமா என்று கேட்டார். கோதண்டம் பின்னாலிருந்து, "இன்னிக்கே பேசிடறேன் சார்" என்றார். யாரிடம் பேசுவது என்று அவருக்குத் தெரியாது. கூட்டம் வழக்கப்படி கைதட்டி முடிந்தது. தட்டியவர்களில் கன்னியப்பனும் இருந்தான்.

கலையும்போது அவன் பெருமாள்சாமியிடம் போனான். "சார், அந்த ரெண்டாவது வண்டியையும் ஒரு வாட்டி பாத்துடறேன் சார். அதுலயும் நான்தான் டயர் மாத்துனேன்."

"ஓடுதுல்லா? ஓடுற வண்டில எதுக்குக் கை வைக்கணும்? மூடுன பாயின்ட்டத் திறக்காதீங்க தம்பி."

வெளியே வந்ததும் கோதண்டம் பிடித்துக்கொண்டார். "டப்பால போட்டேன்னு எவனாச்சும் சொல்லுவானா? கோர்ட்ல கூட எவனும் இப்டி ஒத்துக்க மாட்டான். நல்லவேளை அந்தப் பொண்ணு காப்பாத்துச்சி. நீ ஏன்டா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? ஆர்டர் வந்துடிச்சி இல்ல?"

"வந்துடிச்சிண்ணா. அந்த ரெண்டாவது வண்டி இன்னிக்கோ நாளைக்கோ நிக்கும். நின்னா அத்தனையும் போயிடும்."

"அப்போ?"

கன்னியப்பன் திரும்பி, சாப்பாட்டு வேளைக்குக் காத்திருக்க ஸ்டோர் பக்கம் நடந்தான்.

சாப்பாட்டு மணி அடித்து ஆட்கள் கேன்டீன் பக்கம் போனார்கள். இரண்டாவது வண்டி ஸ்டோர் வாசலில் நின்றது. அவன் குந்தி உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தான். இதை நேர்மை என்று சொல்ல மாட்டேன். பயந்துதான் செய்தான். ஆனால் கைதட்டிய அத்தனை பேரிலும் பயந்து ஸ்பேனரைத் தேடியவன் இவன் ஒருவன்தான் என்பதையும் மறைக்க முடியாது. நட்டு பாதி கழன்றிருந்தபோது சின்னப்பையன் என்ற காவலாளி வந்து நின்றார்.

"இன்னா பண்ற?"

"காத்து பாக்கறேன்."

"காத்து பாக்க நட்ட ஏன் கழட்டற?"

"உள்காத்துண்ணா."

சின்னப்பையன் கொஞ்சம் யோசித்தார். அந்த வளாகத்தில் அவர் இதைவிடப் பெரிய பெயர்களையெல்லாம் கேட்டிருந்தார்.

"சரி, ஹெல்மெட்ட போட்டுகினு பாரு" என்றார். "இல்லாட்டி என்னைத்தான் கேப்பாங்க."

கன்னியப்பன் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து எடுத்த வாஷரின் பல்லை ஓட்டையில் பொருத்தி, நட்டை இறுக்க ஆரம்பித்தான்.